சுவருக்குள் நடந்த தண்ணீர்

மதியத் தூக்கத்திலிருந்து தில்ஷாத் விழித்தபோது அவள் கை சுவரின்மேல் கிடந்தது. தூக்கத்தில் அது எப்போது அங்கே போய்ச் சேர்ந்ததென்று தெரியவில்லை. கட்டிலை ஒட்டிய சுவர். தேன் நிறத் தோல் ஒட்டிய சுவர். கையை எடுக்கப் போனவள் எடுக்காமல் சற்றே அழுத்தினாள். சுவர் உள்ளே போனது. மாம்பழத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல இன்னொரு முறை அழுத்தினாள். மறுபடியும் உள்ளே போய், மெதுவாகத் திரும்பி வந்தது.

வெளியே ஏலகிரியில் மேகம் தரைவரை இறங்கியிருந்தது. ஜன்னலில் பலாமரம் இல்லை, நிலத்துக்காரி ஜோதியின் வீடு இல்லை, பாதை இல்லை. அவள் படுத்திருந்த வண்டி வெள்ளைத் தண்ணீரில் மிதப்பதுபோல் இருந்தது. சற்றுமுன் கண்ட கனவு இன்னும் முழுக்க விலகவில்லை. ஒரு பெரிய பசுவின் வயிற்றுக்குள் படுத்திருக்கிறாள். அதன் விலா எலும்புகளின்மேல் யாரோ வெறுங்காலோடு நடக்கிறார்கள். நடப்பவர் யாரென்று கேட்கத் தோன்றாமல், அடி ஓசையை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். விழித்த பிறகும் அந்த ஓசை சுவருக்குள் எங்கோ மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் கணவர் ஆபித் பாஷா இருமினார். தூக்கத்திலேயே இருமினார். நெஞ்சுக்குள் யாரோ ஈரத் துணியைப் பிழிவதுபோன்ற இருமல்.

அந்த இருமலுக்காகத்தான் இந்த வண்டியே வந்தது. ஆபித் பாஷா ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றின் ஃபினிஷிங் பிரிவில் வேலை பார்த்தவர். தோலுக்குக் கடைசியாகச் சாயமும் பளபளப்பும் ஏற்றுகிற இடம் அது. உயிரோடிருக்கையில் அந்த மாட்டை முள் கிழித்திருக்கும், உண்ணி கடித்திருக்கும், சாட்டை பட்டிருக்கும். அந்தத் தழும்பையெல்லாம் நிரப்பி, மேலே சாயம் தெளித்து, இஸ்திரி போட்டு மறைத்துவிடுவார். பாஷா பாய் கை பட்ட பிறகு அந்த மாடே வந்து பார்த்தாலும் தன் காயம் எங்கே இருந்ததென்று கண்டுபிடிக்காது என்று தொழிற்சாலையில் சொல்வார்கள். தெளிப்பு மருந்து முதலில் அவருடைய மூக்கை எடுத்துக்கொண்டது. அவருக்குப் பிரியாணி வாசமும் தெரியாது, சாக்கடை வாசமும் தெரியாது. பிறகு அது நெஞ்சுக்குள் இறங்கியது. வேலூரில் பார்த்த மருத்துவர், மருந்து பாதிதான், மீதிப் பாதி நல்ல காற்று என்று சொல்லிவிட்டார்.

மலையில் வீடு வாங்க வசதியில்லை. அடுத்தவர் வீட்டில் படுத்தால் அவருக்குத் தூக்கம் வராது. யோசித்து யோசித்துக் கடைசியில் சென்னையிலிருந்து ஒரு பழைய கேரவனை ஓட்டிக்கொண்டு வந்தார். சினிமாப் படப்பிடிப்புக்கு வாடகைக்கு ஓடி ஓய்ந்த வண்டி. தெருவில் அது வந்து நின்ற அன்று ஒரே வேடிக்கை.

"இன்னா பாய், ஷூட்டிங்கா? ஹீரோயின் யாரு?"

"உள்ள இருக்காங்க. மேக்கப் இன்னும் முடியல," என்று அவர் தில்ஷாத்தைக் காட்டினார். கையில் பெருக்குமாறோடு நின்றிருந்த தில்ஷாத் அதை அவர் பக்கம் ஓங்கினாள்.

கூரையில் பெரிய ஏசி ஒன்று இருந்தது. மலைக்கு எதற்கு ஏசி என்று அதைக் கழற்றிவிட்டு, ஓட்டையின்மேல் தகரத்தை வைத்துச் சுற்றிலும் சிலிக்கான் பூசி அடைத்தார். உள்ளே, தெரிந்தவர்களிடம் சேர்த்துவைத்த தோல்களைக் கொண்டுவந்து, ஒன்றோடொன்று தைத்து, கூரையிலிருந்து தரைவரை ஒட்டினார். காலணிக்கு அடிப்பாகம் ஒட்டுகிற சொல்யூஷன் வைத்து, கதவுகளைத் திறந்துபோட்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் ஒட்டினார். முடிந்தபோது வண்டியின் உட்புறம் விலையுயர்ந்த செருப்பின் உட்புறம்போல இருந்தது. தில்ஷாத் அதைச் சொன்னபோது அவர் சந்தோஷப்பட்டார். அவர் ஊரில் அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை.

நிலாவூர்ப் பக்கம் ஜோதியின் நிலத்தில், பலாமரத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டார்கள். ஜோதி அங்கே பீன்ஸும் பூச்செடியும் போட்டிருந்தாள். கணவன் ஓசூரில் வேலை பார்த்தான். முதல் வருடம் ஆபித் பாஷா குழந்தைபோலத் தூங்கினார். மகள் கல்யாணமாகிப் பெங்களூர் போனபின் ஆம்பூர் வீட்டில் இருவரும் பேசாமல் இருந்தால் அது சண்டை என்று பொருள். உருதும் தமிழும் கலந்து பேசுகிறவர்கள் சண்டையை மட்டும் சுத்தத் தமிழில் போட்டுக்கொள்வார்கள். பிறகு எந்த மொழியும் இருக்காது. வண்டியில் அப்படியில்லை. காலையில் டீ குடித்துவிட்டு உட்கார்ந்தால் மேகம் வந்து, போய், மறுபடி வரும். மதியச் சோற்றுக்குத்தான் யாராவது வாயைத் திறப்பார்கள். அந்த மௌனத்தில் யாரும் யாரையும் எதற்கும் குற்றம் சொல்லவில்லை. தில்ஷாத்துக்கு அது புதிது. அதற்காகவே அவள் மலைக்கு வந்தாள். அவரிடம் இதைச் சொன்னதில்லை.

இரண்டாவது மழைக்காலத்தில் சுவரின் மேல்மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை வந்தது. ஆபித் பாஷா அதைச் சாய்ந்து சாய்ந்து பார்த்தார். "இந்தத் தோல்ல சாயம் சரியா புடிக்கல," என்றார். ஆம்பூர் போய்ச் சாயம் கலந்து கொண்டுவந்து தெளித்தார். கறை போய்விட்டது. அடுத்த மழையில் கொஞ்சம் கீழே வந்தது. மறுபடி தெளித்தார். அதற்கடுத்த மழையில் இன்னும் கீழே. கறை என்பது தோலின்மேல் இருக்கிற ஒன்று என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் எழவில்லை. ஆயுள் முழுக்க அவர் கண்ட கறையெல்லாம் அப்படித்தான் இருந்தது.

ஜோதிதான் ஒருநாள் பால் கொடுக்க வந்தவள் படியிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாக்கா, உள்ள காளான் வெச்சிருக்கீங்களா?"

"காளானா? நாங்க அதெல்லாம் துன்றதில்லையேம்மா."

"துன்றத சொல்லலக்கா. வாசம் அடிக்குது. மழ வுட்டதும் மூங்கில் புதர் கீழ வருமே, அந்த வாசம்."

ஆபித் பாஷா உள்ளிருந்து சிரித்தார். "தோல் வாசம்மா அது. ஆம்பூர் அத்தர். உனக்குப் பழக்கமில்ல."

தில்ஷாத் மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஈரத்தோல் வாசம்தான் வந்தது. அவள் பிறந்த வீட்டின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பதனிடும் கூடம். தொட்டிலில் கிடந்தபோதே மூக்கில் ஏறிய வாசம் அது. அவளுக்கு அது வாசமே இல்லை, வீடு. மூக்கே இல்லாத ஒருவரும், இந்த ஒரு வாசத்தை மட்டும் பிரித்தறியத் தெரியாத ஒருத்தியும் அந்த வண்டிக்குள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இருமல் திரும்பி வந்தது. பலாமரத்தடியில் உட்கார்ந்திருந்தால் வராது. உள்ளே வந்து படுத்தால் வரும். மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று இருவரும் நினைத்தார்கள்.

இன்று, சுவர் உள்ளே போன இந்த மதியத்தில், அவள் அப்படி நினைக்கவில்லை.

அவர் விழித்ததும் சொன்னாள். "சுவரு மெத்துன்னு இருக்குங்க."

"நல்ல தோலு அப்படித்தான் இருக்கும்."

"தோல சொல்லல. சுவர சொல்றேன்."

அவர் கையை நீட்டவில்லை. ஜன்னலில் மேகம் கொஞ்சம் விலகி, பலாமரத்தின் ஒரு கிளை மட்டும் தெரிந்து, மறுபடி மறைந்தது. அவர், "காட்பாடில பஸ் பாடி கட்டற ஆளு ஒருத்தன் இருக்கான்," என்றார்.

காட்பாடியில் பூவரசனின் கூடத்தில் எலும்புக்கூடாக இரண்டு பேருந்துகள் நின்றன. அவன் கேரவனைச் சுற்றி வந்து, விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனான். டங், டங், டங் என்று வந்த சத்தம் கட்டில் பக்கம் வந்ததும் 'தொப்' என்றது. கதவு, ஜன்னல் இடுக்குகளையெல்லாம் டேப் ஒட்டி அடைத்தான். ஒரு ஜன்னல் வழியாக மட்டும் புளோயர் குழாயை விட்டு உள்ளே காற்றை அடித்தான். பிறகு கூரைமேல் ஏறிச் சோப்புத் தண்ணீரைத் தெளித்தான்.

"மேல வந்து பாருங்க பாய்."

ஆபித் பாஷாவால் ஏற முடியவில்லை. தில்ஷாத் புடவையைச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். ஏசி இருந்த இடத்தை மூடிய தகரத்தின் ஓரம் முழுக்கச் சின்னச் சின்னக் குமிழிகள் பூத்துப் பூத்து உடைந்தன. வண்டி மூச்சு விடுவதுபோல இருந்தது. வெயிலில் ஒவ்வொன்றிலும் ஒரு துளி வானவில். பயப்பட வேண்டிய நேரத்தில் அவள் அதன் அழகைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இங்க பூந்து, கம்பி மேலயே ஓடிப்போயி, உங்க தலமாட்டுல எறங்குது," என்றான் பூவரசன். "சிலிக்கான் வெயில்ல காஞ்சி வெடிச்சிடுச்சி. பூசிட்டு அதோட வுட்டுட்டீங்க. வருசத்துக்கு ரெண்டு தபா மேல ஏறி பாக்கணும். மழைக்கு முன்ன ஒருதரம், மழைக்கு அப்புறம் ஒருதரம்."

கீழே இறங்கியதும் அவன் உள்ளே போய்த் தோலைத் தடவிப் பார்த்தான். "சூப்பரா செஞ்சிருக்கீங்க பாய். ஆனா இத உரிச்சிடணும்."

"உரிக்காம செய்யி மேஸ்திரி."

"மேல அடைச்சிடறேன். இனிமே தண்ணி வராது. உள்ள போன தண்ணிய யாரு வெளிய கூப்புடறது? அந்தாண்ட தகரம். இந்தாண்ட பாலீஷ் போட்ட தோலு. நடுவுல பலக. காயறதுக்கு அது எங்க போவும் பாய்?"

"மேல மட்டும் அடை."

"பூஞ்ச புடிச்சிருக்கும் பாய். உங்களுக்கோ நெஞ்சு சரியில்லன்றீங்க."

"மேல மட்டும் அடைன்னேன்ல."

பூவரசன் தில்ஷாத்தைப் பார்த்தான். அவள் பேருந்து எலும்புக்கூட்டைப் பார்த்தாள். அவன் பழைய சிலிக்கானைத் துளி விடாமல் சுரண்டியெடுத்து, புதுத் தகரம் வைத்து, அடியில் பசை நாடா கொடுத்து, மேலே வேறு மருந்து பூசி அடைத்துக் கொடுத்தான்.

திரும்பி வருகையில் பாலாற்று மணல் சாம்பல் நிறத்தில் நீண்டு கிடந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை. இது வண்டியின் மௌனமில்லை, வீட்டு மௌனம். வீட்டிலிருந்து அது வண்டிக்குள் ஏறிவிட்டதென்று தில்ஷாத்துக்குத் தோன்றியது. இருமலைவிட அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

மலையில் அடுத்த மழை வந்தது. கறை வரவில்லை. "பாத்தியா," என்றார் ஆபித் பாஷா. அவர் சுவரைத் தடவிக் காட்டிக்கொண்டிருக்கும்போதே இருமல் வந்தது. முதலில் சிறிதாக. பிறகு அவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனார்.

ஜன்னல் வழியாகத் தில்ஷாத் பார்த்தாள். பலாமரத்தடியில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஈரக் கல்லில் அவர் உட்கார்ந்திருந்தார். மழை இலைகளில் பட்டு அவர்மேல் சொட்டியது. தோள்கள் ஏறி இறங்கின. கொஞ்சம் கொஞ்சமாக அவை ஏறுவது குறைந்தது. அவர் முகத்தை மேலே தூக்கி, வாயைத் திறந்து, மழைக் காற்றைக் குடித்தார். மூச்சு விடுவதற்காக வாங்கிய வண்டியிலிருந்து, மூச்சு விடுவதற்காக வெளியே வந்து நனைந்துகொண்டிருந்தார்.

அவள் வெங்காயம் வெட்டும் கத்தியை எடுத்தாள். கட்டிலின்மேல் ஏறி முட்டி போட்டுக்கொண்டு, சுவரின் நடுவே கத்தி முனையை வைத்தாள். தேன் நிறத் தோல் விளக்கில் மினுங்கியது. இந்த மனிதரின் கையை வெட்டப் போவதுபோல இருந்தது.

"அங்க இல்ல."

திரும்பிப் பார்த்தாள். வாசலில் அவர் சொட்டச் சொட்ட நின்றிருந்தார். கோபமா என்று பார்த்தாள், தெரியவில்லை.

"நடுவுல வெட்டுனா வீணாப்பூடும். தையல்ல பிரி," என்றார். "மேல இருந்து வா. நூல மட்டும் அறு."

அவள் தையலில் பிரித்தாள். அவர் பக்கத்தில் வந்து, பிரிந்த ஓரத்தைப் பிடித்து, சொல்யூஷன் விடுகிற பக்கமாகப் பார்த்து இழுத்தார். தோல் நீளமான முனகலோடு கழன்று வந்தது. பின்னால் பலகை கறுப்பாக இருந்தது. அதன்மேல் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை நூல் ஓடி, விரல் விரலாகப் பிரிந்து, எங்கோ போக நினைத்து நின்றிருந்தது. அவர் தொட்டதும் பலகை டீயில் ஊறிய ரஸ்க்போல அவர் கையோடு வந்தது.

அந்தத் துண்டை அவர் மூக்கருகே கொண்டுபோனார். பழக்கத்தில் கொண்டுபோயிருப்பார். பிறகு அவளிடம் நீட்டினார்.

"வாசம் வருதா?"

தோல் விலகியதால், முதல்முறையாக அவளுக்கு அது தனியாகத் தெரிந்தது. "வருது."

"எப்படி?"

அவள் இன்னொரு முறை முகர்ந்தாள். "பாழுங்கெணத்துல எட்டிப் பாத்தா முகத்துல அடிக்குமே. அப்படி."

அவர் தலையாட்டினார். தகரத்தில் மழை பெய்துகொண்டே இருந்தது. துண்டை ஜன்னல் வழியாக வெளியே போட்டார். ஈரச் சட்டையைக்கூட மாற்றாமல், அடுத்த தையலில் கத்தியை வைத்தார்.

"நீங்க வெளிய போங்க. நான் பிரிக்கறேன். சொன்னா கேளுங்க."

"நீ ஓரத்த கிழிச்சிடுவே."

"கிழிஞ்சா கிழியட்டும். மூக்குல துண்ட கட்டிக்கினு வாசல்ல ஒக்காந்து சொல்லுங்க. நீங்க சொல்றபடி பிரிக்கறேன்."

அப்படியே நடந்தது. சாயங்காலம் வரை அவர் வாசலிலிருந்து சொல்ல, அவள் பிரித்தாள். அதட்டினார், திட்டினார், ஒருமுறை "மாஷா அல்லாஹ், பரவால்ல" என்றார்.

வண்டியை மறுபடி காட்பாடிக்குக் கொண்டுபோனார்கள். பூவரசன் அழுகியதையெல்லாம் அறுத்தெறிந்தான். பூஞ்சை பிடித்த தோல்களை ஆபித் பாஷாவே ஒதுக்கிப் போட்டார். நல்லதைக் கழுவி நிழலில் விரித்தார். துருப்பிடித்த கம்பிகளைத் தேய்த்துப் பெயின்ட் அடித்துவிட்டு, "ஒரு மழ பாக்காம மூடாதீங்க," என்றான் பூவரசன்.

"ஹோஸ்ல தண்ணி அடிச்சா ஆவாதா?"

"அது நேரா வுழும்மா. மழ காத்தோட சேந்து கீழ இருந்தும் ஏறும். அத மழைதான் காட்டும்."

வண்டி ஆம்பூர்த் தெருவில், வீட்டுக்கு எதிரே, உள்ளே விலா எலும்புகள் தெரிய நின்றது. கதவுகளையும் ஜன்னல்களையும் திறந்து வைத்து ஓரத்தில் ஒரு ஃபேனை ஓடவிட்டார்கள். தெருக்காரர்கள் சும்மா இருப்பார்களா?

"இன்னா பாய், வண்டியவே உரிச்சிட்டீங்க?"

"உரிச்சாத்தானப்பா பதம் போட முடியும்."

மழை வரவில்லை. மேகங்கள் ஊருக்கு மேலே தயங்கி நின்று, ஏதோ மறந்ததுபோல ஏலகிரிப் பக்கம் திரும்பிப் போயின. தில்ஷாத் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே வானத்தைப் பார்ப்பாள். வேறு யாரும் கூப்பிடாத ஒரு விருந்தாளிக்காக அவர்கள் இருவரும் காத்திருப்பதாக அவளுக்குத் தோன்றும். அந்த நாட்களில் அவர்கள் குறைவாகத்தான் பேசினார்கள். ஆனால் அவர் என்ன நினைக்கிறார் என்று அவளுக்குப் பயமில்லாமல் இருந்தது. கூடத்தில் உட்கார்ந்து தோலின் ஓரங்களை மடித்து, வரிசையாக டிச் பட்டன் அடித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு பட்டனு?"

"இனிமே ஒட்டறதில்ல. மாட்டறதுதான்," என்றார் பட்டனைப் பார்த்துக்கொண்டே. "எப்ப வேணும்னாலும் கயட்டி உள்ள பாத்துக்கலாம்."

மழை ஒரு வெள்ளிக்கிழமை மதியம், தொழுகை முடிந்து அவர் தெருமுனை திரும்பும்போது வந்தது. காற்று முதலில் வந்து கடைகளின் படுதாக்களைத் தூக்கியடித்தது. தில்ஷாத் ஓடிப்போய் வண்டியில் ஏறி ஜன்னல்களைச் சாத்தினாள். அவர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து ஏறிக் கதவை இழுத்து மூடினார். மூச்சு வாங்கியது. ஒருமுறை இருமினார். அவள் இரண்டாவது இருமலுக்காகக் காத்திருந்தாள்.

அது வரவில்லை.

மழை தகரத்தில் இறங்கியபோது பேச முடியாமல் போயிற்று. அவர் வாயசைத்து ஏதோ சொன்னார்; அவள் காதைக் காட்டிக் கையை விரித்தாள். தரைப் பலகைமேல் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். டார்ச் வெளிச்சம் கூரையின் கம்பி கம்பியாக நடந்து, தகரத்தின் விளிம்பைச் சுற்றி வந்து, மூலைகளில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியது. காற்று வண்டியை ஒருபக்கமாகத் தள்ளியது. தண்ணீர் வெளியே எல்லாத் திசையிலும் இருந்தது. அவள் கனவில் படுத்திருந்த அதே வயிறு. ஆனால் இப்போது விலா எலும்புகளின்மேல் யாரும் நடக்கவில்லை.

அப்போது தரையில் ஒரு துளி விழுந்தது.

பலகையின்மேல், அவர்கள் காலருகே, கறுப்பாக ஒரு வட்டம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று. தில்ஷாத் டார்ச்சை மேலே தூக்கினாள். கூரை காய்ந்திருந்தது. விரலால் இணைப்பைத் தடவினாள், விரலும் காய்ந்திருந்தது. மூன்றாவது துளி விழுந்தது. அவர் அவள் தோளைத் தட்டி, தன் தாடியைத் தொட்டுக் காட்டினார். நனைந்த தாடியின் நுனியில் நான்காவது துளி திரண்டு நின்றது.

அவள் சிரித்ததும் அவர் சிரித்ததும் மழையில் கேட்கவில்லை. முந்தானையால் அவர் தாடியை அழுத்தித் துடைத்தாள், மகளுக்குச் சின்ன வயதில் தலை துவட்டியதுபோல. அவர் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டினார். துடைத்து முடித்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை. கம்பியில் சாய்ந்து, அப்படியே தூங்கிப்போனார்.

அவள் அவருடைய மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழையில் அதைக் கேட்க முடியாது; பார்க்கத்தான் முடியும். சட்டை ஏறியது, இறங்கியது. அவசரமில்லாமல் ஏறியது, எதிலும் தட்டாமல் இறங்கியது. அந்த ஏற்ற இறக்கத்தில் அவளும் பாதி கரைந்துபோனாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு தகரத்தின்மேல் சத்தம் தனித்தனியாகப் பிரிந்தது. எண்ணிவிடலாம் போலக் குறைந்தது. நின்றது. தெருவில் யாரோ தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளுகிறார்கள். சைக்கிள் மணி ஒன்று கேட்டது.

அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார். "நின்னுடுச்சா?"

"இன்னும் இல்ல," என்றாள் தில்ஷாத். "நீங்க தூங்குங்க."

தகரத்தின்மேல் ஒரு சத்தமும் இல்லை. அது அவருக்கும் கேட்டிருக்கும். "ம்," என்று சொல்லிவிட்டு, தலையை அவள் தோள்பக்கம் சற்று நகர்த்தி வைத்துக்கொண்டார்.